பல்கலைக்கழகங்களில் 'நம்பகமான' செயற்கை நுண்ணறிவு உதவியாளர்: ஒரு திறனாய்வு

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்பது, மனிதர் பேசும் மொழியிலேயே கேள்வியை வாங்கிக்கொண்டு விடை தரும் மென்பொருள் ஆகும். பல்கலைக்கழகங்களில் இது பாடத்தை விளக்கவும், கட்டுரையைத் திருத்தவும், மாணவர் சேர்க்கை, கட்டணம், உதவித்தொகை பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லவும், தேர்வைக் கண்காணிக்கவும் பயன்படுத்தப்படுகிறது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பின் இவற்றின் பரவல் வேகம் பெற்றது. 2025ஆம் ஆண்டைச் செயற்கை நுண்ணறிவு ஆண்டாக அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அறிவித்தது. கருவிகளை விற்பவர்களும் அவற்றை வாங்கும் நிர்வாகங்களும் 'நம்பகமான' என்ற அடைமொழியைத் தவறாமல் சேர்த்துக்கொள்கின்றனர். அந்த அடைமொழி எதைக் குறிக்கிறது, மாணவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லும் சோதனையும்

நம்பகம் என்ற சொல் காஞ்சிபுரத்துக்குப் புதியதன்று. அங்கே பட்டுச் சேலை வாங்குபவர் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதில்லை. உண்மையான ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது. இழையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்று அளந்து சொல்ல இன்று கருவிகள் உள்ளன. மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' முத்திரையும், காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இவற்றோடு சேர்ந்தவை. வாங்குபவர் சோதிக்கலாம், ஏமாந்தால் முறையிடலாம் என்பதால்தான் அங்கே நம்பிக்கை நிலைக்கிறது.

அதே காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூர் இன்று ஒரு கல்வி ஊர். 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா அங்கே உள்ளது. பொறியியல், சமஸ்கிருதம், ஆயுர்வேதம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத துறைகள் அதன்கீழ் இயங்குகின்றன. ஏனாத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியும் உண்டு. இத்தனை வகைப் படிப்புகளுக்கும் ஒரே உதவியாளரை வாங்கி வைத்தால், அதைச் சுரண்டிப் பார்ப்பது யார்? பொறியியல் மாணவருக்குச் சரியாக விடை சொல்லும் கருவி, ஆயுர்வேத மாணவர் ஒரு மூலிகையின் அளவைக் கேட்கும்போதும் அதே உறுதியான குரலில்தான் விடை சொல்லும். அந்தக் குரலை வைத்துச் சரி எது, பிழை எது என்று பிரிக்க முடியாது.

நம்பகத்துக்கு இலக்கணம் வகுக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. ஐரோப்பிய ஆணையம் அமைத்த வல்லுநர் குழு 2019 ஏப்ரலில் ஏழு நிபந்தனைகளைக் கூறியது. மனித மேற்பார்வை, வெளிப்படைத்தன்மை, பொறுப்பேற்றல் ஆகியவை அவற்றுள் அடங்கும். தமிழ்நாடு அரசு அடுத்த ஆண்டே, 2020இல், பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. ஒரு மாநில அரசு இவ்வளவு முன்கூட்டி இதைச் செய்தது பாராட்டத்தக்கது. 'டீப்-மேக்ஸ்' என்ற மதிப்பெண் அட்டை அக்கொள்கையில் உண்டு. கருவியின் சமத்துவம், அந்தரங்கப் பாதுகாப்பு, தணிக்கைக்கு இடம் தருதல் போன்ற இயல்புகளுக்கு அது மதிப்பெண் இடச் சொல்கிறது.

ஆனால் அக்கொள்கை அரசுத் துறைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது, சாட்ஜிபிடி வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தையது. அதைவிடப் பெரிய சிக்கல், மதிப்பெண் அட்டை என்ற வடிவத்திலேயே இருக்கிறது. இன்றைய உதவியாளர்களின் உள்ளிருக்கும் மொழி மாதிரியை நிறுவனங்கள் தம் விருப்பப்படி மாற்றுகின்றன. ஜூன் மாதத்தில் 90 மதிப்பெண் வாங்கிய கருவி டிசம்பரில் அதே கருவியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒருமுறை அளந்து முத்திரை குத்தும் முறை ஜரிகைக்குப் பொருந்தும், ஏனெனில் நெய்த ஜரிகை மாறாது.

2021: வீட்டுக்குள் வந்த கண்காணிப்பாளர்

தமிழ்நாட்டு மாணவர்கள் செயற்கை நுண்ணறிவைத் தங்கள் பல்கலைக்கழகத்தின் கருவியாகப் பெரும் எண்ணிக்கையில் முதலில் சந்தித்தது பாடம் கேட்கும்போது அன்று, தேர்வு எழுதும்போது. இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவோர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

கொரோனா காலத்தில், 2020 நவம்பர்–டிசம்பர் பருவத்துக்கான தேர்வுகளை அண்ணா பல்கலைக்கழகம் 2021 தொடக்கத்தில் இணையவழியில் நடத்தியது. மாணவர்கள் தம் வீட்டில் இருந்தபடி விடையளிக்க, கேமரா வழியே மென்பொருள் அவர்களைக் கண்காணித்தது. ஏப்ரலில் முடிவுகள் வந்தபோது பலர் தோல்வி அடைந்திருந்தனர். முறைகேட்டுச் சந்தேகத்தின் பேரில் பலரது முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. மாணவர்களிடமிருந்தும் பெற்றோர்களிடமிருந்தும் புகார்கள் குவிந்தன. மே மாதத்தில் பொறுப்பேற்ற புதிய அரசின் உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வு நடத்தப்படும் என்று அறிவித்தார்.

இத்தகைய கண்காணிப்பு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். அது 'காப்பி அடித்தல்' என்ற செயலைக் காண்பதில்லை. முகம் திரையிலிருந்து விலகுகிறதா, இன்னொரு முகம் தெரிகிறதா, வேறு குரல் கேட்கிறதா, வேறு சாளரம் திறக்கப்படுகிறதா, இணைப்பு அறுகிறதா என்ற அடையாளங்களைக் கணக்கிட்டுச் சந்தேகக் குறி இடுகிறது. தனி அறை, நல்ல விளக்கு, அறுபடாத இணைப்பு, அமைதியான வீடு ஆகிய நான்கும் உள்ளவரை அளவுகோலாக வைத்த கணக்கு அது.

காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் அந்த நான்கும் சேர்ந்து கிடைப்பது அரிது. பல வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கூடத்தில் குழித்தறி, அதையடுத்துச் சமையல், இடையே குழந்தைகள். கோர்வை நெய்யும்போது உடன் ஓர் ஆள் வேண்டும். இரண்டு பேர் பேசிக்கொண்டேதான் வேலை நடக்கும். அத்தகைய வீட்டில் ஒரு மூலையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துத் தேர்வு எழுதும் மாணவியின் ஒலிவாங்கியில் என்னென்ன விழும் என்று சொல்லத் தேவையில்லை. ஏனாத்தூருக்கு அருகே பொன்னேரிக்கரையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி உள்ளது. அத்தகைய கல்லூரிகளுக்கு இத்தகைய வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வறுமைக்கும் இட நெருக்கடிக்கும் முறைகேட்டின் அடையாளத்தைச் சூட்டும் கருவியை, அதன் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நம்பகமானது என்று அழைக்க இயலாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாணவர் சேர்க்கை, மதிப்பீடு, தேர்வுக் கண்காணிப்பு ஆகியவற்றில் பயன்படும் கருவிகளை அது உயர் இடர் வகையில் வைக்கிறது. முகத்தையோ குரலையோ கொண்டு மாணவரின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளைக் கல்வி நிலையங்களில், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, தடையே செய்துவிட்டது. சென்னையில் 2021இல் நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்த வகைப்பாட்டின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

மறுமதிப்பீடு என்னும் பழைய ஏற்பாடு

மனிதத் தேர்வாளரும் தவறு செய்கிறார், களைத்துப்போகிறார், அவசரப்படுகிறார் என்று கருவியை ஆதரிப்போர் கூறுவதுண்டு. அது உண்மையே. விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு நாள் உட்கார்ந்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மனிதத் தேர்வாளரை ஒருபோதும் அப்படியே நம்பிவிடவில்லை. விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் இடுவது, தேர்வாளர் திருத்தியதை முதன்மைத் தேர்வாளர் சரிபார்ப்பது, மறுகூட்டல், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு என்று அடுக்கடுக்காக ஏற்பாடுகள் உள்ளன. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்வையிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. தேர்வாளர் தவறலாம் என்ற நினைப்பிலிருந்தே இந்த அமைப்பு முழுவதும் எழுந்தது. அதனால்தான் மக்கள் அதை ஓரளவு நம்புகின்றனர்.

செயற்கை நுண்ணறிவுக்கு வரும்போது இந்தப் பழக்கம் கைவிடப்படுகிறது. ஒரு கருவி 50க்கு 31 என்று மதிப்பெண் இட்டால், நகல் கேட்கும் மாணவரிடம் எதைக் காட்டுவது? சிவப்பு மையில் ஒரு வட்டமோ, ஓரத்தில் ஒரு குறிப்போ அங்கே இராது. காரணம் சொல் என்று கேட்டால் கருவி ஒரு காரணத்தை எழுதித் தரும். ஆனால் அது உண்மையில் அந்தக் காரணத்தால்தான் 31 இட்டதா என்று உறுதி கூற முடியாது. மறுமதிப்பீட்டுக்கு அதே தாளை அதே கருவியிடம் கொடுத்தால் 38 வரலாம், 27உம் வரலாம்.

இங்கிலாந்து இதற்கான விலையை 2020இல் கொடுத்தது. கொரோனாவால் ஏ-லெவல் தேர்வுகள் நடக்காததால், தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் ஒரு கணக்கீட்டு முறையைக் கொண்டு மாணவர்களுக்குத் தரநிலை வழங்கியது. பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சி அதில் பெரும் பங்கு வகித்தது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரநிலைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. பின்தங்கிய பகுதியின் பள்ளியில் படித்த கெட்டிக்கார மாணவர், தமக்கு முன் அங்கே படித்தவர்களின் மதிப்பெண்ணுக்காகத் தண்டிக்கப்பட்டார். ஆகஸ்ட் 13 அன்று வந்த முடிவு, மாணவர் போராட்டத்துக்குப் பின் 17 அன்று திரும்பப் பெறப்பட்டது. அது இன்றைய உதவியாளர் போலப் பேசும் கருவிகூட அன்று, வெறும் புள்ளியியல் கணக்கு. அதற்கே இந்த நிலை.

ஆகவே மதிப்பெண்ணையோ, தேர்ச்சியையோ, சேர்க்கையையோ முடிவு செய்யும் இடத்தில் ஒரு கருவி வைக்கப்பட்டால், மறுமதிப்பீட்டுக்கு உள்ள அதே வழி அதற்கும் இருக்க வேண்டும். எந்த அறைக்குப் போய், யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடுவது என்று அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்ட முடியாத கருவி அந்த இடத்துக்குத் தகாது. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உள்ள உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டு, வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் குடவோலையிலிருந்து விலக்குகிறது. கணக்குக் காட்டாதவரை எந்தப் பொறுப்பிலும் அமர்த்தக் கூடாது என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது.

கட்டுரையைச் சந்தேகிக்கும் கருவி

மாணவர் எழுதிய கட்டுரை அவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று சொல்வதாகக் கூறும் கருவிகள் தனியாகக் கவனிக்கத்தக்கவை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறி கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாமே எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அவை இயந்திரம் எழுதியதாகக் குறித்தன. காரணம் எளியது. குறைந்த சொற்களும் சிறிய வாக்கியங்களும் கொண்ட ஆங்கிலத்தை அக்கருவிகள் இயந்திர நடை என்று எண்ணுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் பிள்ளை எழுதுவது அந்த ஆங்கிலத்தைத்தான்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் இத்தகைய வசதியை நிறுத்தியபோது கூறிய கணக்கு எந்தக் கல்லூரி முதல்வருக்கும் புரியும். நூற்றுக்கு ஒன்று மட்டுமே தவறும் என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்றாலும், ஆண்டுக்கு 75,000 கட்டுரைகளில் ஏறத்தாழ 750 கட்டுரைகள்மீது பொய்க் குற்றம் விழும்.

வகுப்பறையில்

இவ்வளவு சொன்னபின், கற்பித்தலில் இக்கருவிகளால் உள்ள நன்மையைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ் வழியில் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தொடங்கியது. அந்த மாணவர்கள் நீண்ட காலம் நல்ல நூல்கள் இல்லாமல் தவித்தனர். ஆங்கில வழியில் படிக்கும் பலரும் வகுப்பில் புரியாததை எழுந்து நின்று கேட்கக் கூச்சப்படுகின்றனர். இரவு பதினொரு மணிக்கு, அதே கேள்வியை ஐந்தாவது முறையாக, தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்டாலும் சலிக்காமல் விளக்கும் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தால் அது சிறிய உதவி அன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' ஆய்வகம் இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரிகளைத் திறந்த முறையில் வெளியிட்டு வருகிறது. நிறுவனங்களின் கருவிகளை மட்டும் சார்ந்திராமல் பல்கலைக்கழகங்களே சோதித்துப் பார்க்க அது வழி தருகிறது.

கற்பித்தல் உதவியாளருக்கு நல்ல முன்மாதிரி சாட்ஜிபிடிக்கும் முந்தையது. 2016இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்லூரியில் பேராசிரியர் அசோக் கோயல், இணையவழி வகுப்பு ஒன்றில் 'ஜில் வாட்சன்' என்ற பெயரில் ஒரு மென்பொருள் உதவியாளரைச் சேர்த்தார். ஏறத்தாழ 300 பேர் கொண்ட அந்த வகுப்பில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 10,000 கேள்விகளும் செய்திகளும் குவிந்தன. விடை சரி என்ற உறுதி 97 விழுக்காட்டை எட்டினால் மட்டுமே அது பேசும், இல்லையேல் மனித உதவியாளருக்கு விட்டுவிடும். அது மென்பொருள் என்பது மாணவர்களுக்குப் பருவத்தின் இறுதியில்தான் தெரிந்தது. இச்செய்தி அன்று வியப்பாகப் பேசப்பட்டது. மாணவரிடம் மறைத்தது குறைதான், இன்று அதை எவரும் பின்பற்றக் கூடாது. ஆனால் தெரியாத இடத்தில் வாய்மூடி இருக்கும் அந்தப் பண்பு இன்றைய கருவிகளில் அரிதாகிவிட்டது.

தமிழாசிரியர் ஒருவர் இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. கருவியிடம் 267ஆம் பாடலையும் அதன் திணை, துறையையும் கேட்க வேண்டும். கிடைக்கவில்லை என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம். பாடலும் பாடிய புலவரும் உரையும் வரிசையாக வந்தால், அந்தக் கருவியை இலக்கிய வகுப்புக்குள் விடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு துறையும் தனக்கென்று இப்படிப் பத்து 'இல்லாத' கேள்விகளை வைத்துக்கொண்டு, பருவந்தோறும் கேட்டுப் பார்க்கலாம். செலவே இல்லாத சோதனை இது. மாதிரி மாறினாலும் சோதனை பயன்படும்.

அலுவலகத்தில்

நிர்வாகத்தில் உதவியாளர் செய்யும் பிழை சிறியதாகத் தோன்றும், ஆனால் விளைவு பெரியது. போனஃபைடு சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது, அரியர் கட்டணம் எவ்வளவு, முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா என்று கேட்பவர் விடையை ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லாதவர். அப்பாவோ அண்ணனோ கல்லூரியில் படித்திருந்தால் அவர்களைக் கேட்டிருப்பார்.

புதுமைப்பெண் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க அது வகை செய்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பர் 30 முதல் அது விரிவாக்கப்பட்டது. பழைய செய்திகளில் பயின்ற ஒரு கருவி, உதவிபெறும் பள்ளியில் படித்த மாணவியிடம் 'உங்களுக்குத் தகுதி இல்லை' என்று பணிவாகச் சொல்லும். அவர் நம்பிப் போய்விடுவார். அந்த இழப்புக்குப் புகார் வராது, பதிவேடும் இருக்காது.

அப்படிச் சொன்னதற்கு யார் பொறுப்பு? கனடாவில் 2024 பிப்ரவரியில் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. ஏர் கனடா நிறுவனத்தின் இணையதள உரையாடி, துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகையை ஒரு பயணியிடம் தவறாகக் கூறியது. உரையாடி தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்ற வகையில் நிறுவனம் வாதிட்டதாகத் தீர்ப்பாயம் குறிப்பிட்டு, அதை ஏற்க மறுத்து, இழப்பீடு தரச் சொன்னது. பல்கலைக்கழகத்துக்கும் இதே அளவுகோல் பொருந்த வேண்டும். உதவியாளர் சொன்ன விடையின் படத்தைக் காட்டினால், பதிவாளர் அலுவலகம் அதைத் தன் எழுத்தர் சொன்னதாகவே ஏற்க வேண்டும். அந்தத் துணிவு இல்லாத நிர்வாகம் கருவியின் அடியில் 'தகவல்கள் பிழையாக இருக்கலாம்' என்று பொடி எழுத்தில் போடுகிறது. நம்பகமானது என்ற பெரிய எழுத்துக்குக் கீழே அந்தப் பொடி எழுத்து நிற்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

எஞ்சியது தரவு. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிரம்பாதவரைச் சட்டம் குழந்தை என்கிறது. அவரது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். கல்வி நிலையங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு. எனினும் ஜூலையில் முதலாண்டு சேரும் பிள்ளைகளில் கணிசமானோர் 17 வயதினர் என்பதைப் பல அலுவலகங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் எல்லாம் அடங்கிய சேர்க்கைப் பட்டியலை, அகர வரிசைப்படுத்தித் தரச் சொல்லி இலவசக் கருவி ஒன்றில் ஒட்டும் வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். விடைத்தாளில் டம்மி எண் ஒட்டும் அக்கறையில் பாதி இருந்தாலே, பெயர்களை நீக்கிவிட்டு அந்தப் பட்டியலை அனுப்பலாம். அகர வரிசைப்படுத்துவதற்கோ அலுவலகக் கணினியில் ஏற்கெனவே உள்ள எக்செல் போதும்.